மூன்றாவது கணு

ஜனவரி 9

தங்கைக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இரண்டு அறுவடை கடந்துவிட்டது. இன்னும் பேசாமல் இருந்தால் நான் உங்களையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று நீயே முடிவு கட்டிவிடுவாய். உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

போன வாரம் ரயில் நிலையத்தில் பீப்பாய்க்காரரைப் பார்த்தேன். நம் ஒயின் பீப்பாய்களுக்கு வளையம் அடித்துக் கொடுப்பவர். காது கேட்காதவர் மாதிரி இருந்து எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்பவர். நடைமேடையில் நின்றபடி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார், பள்ளத்துத் திராட்சை வரிசைகளைப் பிடுங்கப் போகிறார்களாமே, இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டதாமே என்று. தெரியும் என்று தலையாட்டினேன். என் கொடிகள் போவதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறேன் என்று அவரிடம் காட்டிக்கொள்ள மனமில்லை.

பள்ளத்தில் இருக்கும் ஆறு வரிசையும் என்னுடையவை. நம் வீட்டுச் சட்டத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் வசதிப்படும்போது மறப்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் கைவந்த கலை. குளிர்காலத்தில் ஒரு வரிசையை யார் கவாத்து வெட்டுகிறாரோ, அந்த வருஷம் முழுக்க அந்த வரிசை அவருடையது. கம்பியில் கட்டுவதும் அவர், இலை கிள்ளுவதும் அவர், குலை அறுப்பதும் அவர். இன்னொருவர் கை அதில் படக்கூடாது. அப்பா போட்ட சட்டம். நான் நகரத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு குளிர்கால விடுமுறைக்கும் வந்து அந்த ஆறையும் வெட்டினேன். என்னுடன் வேலை பார்ப்பவர்கள் விடுமுறையில் கடலுக்கும் மலைக்கும் போனார்கள். நான் விரல் விறைக்க அந்தப் பள்ளத்தில் குனிந்து நின்றேன். இருபது வருஷம்.

கடைசி அறுவடையை நினைவிருக்கிறதா? அந்த ஜூலையில் உனக்கு எழுதியிருந்தேன். பரீட்சைத் தாள் மலைபோலக் கிடக்கிறது, வர முடியாது, என் வரிசையில் குலைகளை மூடியிருக்கும் இலைகளை மட்டும் கிள்ளிவிடு என்று. நீ கிள்ளவில்லை. காற்றுப் புகாமல் குலைகள் உள்ளுக்குள்ளேயே அழுகின. நான் வந்து அறுத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தேன். பிழியும் தொட்டிக்கு முன்னால் அப்பா கையை நீட்டித் தடுத்தார். கூலிக்கு வந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர், உன் வீட்டுக்காரரான அந்த வெல்டர், எல்லாரும் நிற்கிறார்கள். "இதைத் தொட்டியில போடாதே. வாத்தியார் பழம் பாடம் நடத்தத்தான் ஆகும்" என்றார். ஆறு வரிசைப் பழமும் குப்பைமேட்டுக்குப் போனது.

எல்லாரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. கூலிக்கு வந்தவர்கள் முதலாளி ஜோக்கடித்தால் சிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நீயும் சிரித்தாய். கையில் கூடையோடு, தலையைப் பின்னால் சாய்த்து.

நான் அன்று கிளம்பியது அதனால்தான். இப்போது அந்த வரிசைகள் வெல்டர் கைக்குப் போயிருக்கும், அவர் வெட்டிக் கெடுத்திருப்பார், கெட்டதைப் பிடுங்குகிறீர்கள். ஒட்ட வைக்கத் தெரிந்தவருக்கு வெட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் பிடுங்குவதற்கு என்னைக் கேட்க வேண்டும். கேட்டால் நான் கூடாது என்பேன். கேட்காமலே சொல்கிறேன்: கூடாது.

அண்ணன்

*

ஜனவரி 20

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவர் அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியாவது கேட்டிருப்பார் என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெறும் தாளாக இருந்தது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நவம்பரில் கொட்டகையில் விழுந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. கால் இழுக்கிறது, கை தூங்குகிறது. பேச்சு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல எடுக்கிறார். பாட்டில் அடுக்கி வைக்கும் முன்னறையைக் காலி செய்து அங்கேதான் கட்டில் போட்டிருக்கிறோம். ஜன்னல் வழியாகப் பள்ளம் தெரியும். அந்த அறைதான் வேண்டும் என்று அவரே கேட்டார். உங்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டேன். "சொல்லாதே. வந்தா தானா வரட்டும்" என்றார்.

அவரைத் தூக்குவது, உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் நீங்கள் சொல்லும் அந்த வெல்டர்தான்.

இனி உங்கள் வரிசை. அவை வெல்டர் கைக்கும் போகவில்லை, வேறு யார் கைக்கும் போகவில்லை. நீங்கள் போன அடுத்த குளிர்காலம் இவர் கத்தரியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அது வேற ஆளோட வரிசை." அவ்வளவுதான். அதற்கடுத்த குளிர்காலமும் அப்படித்தான். இரண்டு வருஷமாக வெட்டு விழாத கொடி என்ன ஆகும் என்று வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டுமா? கம்பி அறுந்து கொடி தரையில் ஓடுகிறது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முள்ளும் சேர்ந்து புதராகக் கிடக்கிறது. போன கோடையில் அதற்குள்ளிருந்துதான் சாம்பல் நோய் கிளம்பி எங்கள் நடு வரிசைகளுக்கும் ஏறியது. காய் எல்லாம் மாவு தூவினது போல வெளுத்துப் போய் வெடித்தது. அதனால்தான் பிடுங்குகிறோம்.

இதையும் கேளுங்கள். பிடுங்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "பிடுங்கறதுன்னா பிடுங்கு. வெட்டாதே" என்றார். உங்கள் இடத்தை அவர் உங்களுக்காகவே யாரும் தொடாமல் காப்பாற்றி வைத்தார். காப்பாற்றினதைத்தான் இப்போது பிடுங்க வேண்டியிருக்கிறது.

கொடியில் சாறு ஏறுவதற்கு முன்னால், மார்ச் முதல் வாரம், இயந்திரம் வருகிறது. அதற்குள் வந்து வெட்டுங்கள். நீங்கள் வெட்டின வரிசையை நான் தொடமாட்டேன். வெட்டாததைப் பிடுங்கிவிடுவேன்.

தங்கை

*

பிப்ரவரி 3

தங்கைக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டாய். ஒரு தடவை 'டேய்' என்றும் கூப்பிட்டு அம்மாவிடம் அடி வாங்கினாய். கத்தரியைத் தீட்டுவது போல அந்த 'நீங்கள்' என்பதைத் தீட்டியிருக்கிறாய். வாங்கிக்கொண்டேன்.

அப்பா விழுந்ததை ஜனவரியில் எனக்குச் சொல்கிறாய். அதுவும் நான் எழுதியதால். சொல்லாதே என்று அவர் சொன்னாராம், நீயும் கேட்டுக்கொண்டாயாம். அவர் சொல்வதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற பெண் என்று எனக்கு இதுவரை தெரியாது.

என் இடத்தைக் காப்பாற்றினார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். "வா" என்று ஓரெழுத்து எழுதிப் போட்டிருந்தால் நான் வந்திருப்பேன். அதற்குப் பதிலாக ஆறு வரிசையைக் காடாக்கி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார், நீ போனதால் இப்படி ஆயிற்று என்று உலகத்துக்குக் காட்டுகிறார். இதைப் பாசம் என்று நீ எடுத்துக்கொள்கிறாய். பழி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டில் இரண்டும் ஒரே பீப்பாயில்தான் ஊறும், யார் எதைக் குடித்தோம் என்று யாருக்கும் தெரியாது.

நான் வரமாட்டேன். அவர் கூப்பிட்டால் வருகிறேன். நீ எழுதுவது அவர் கூப்பிடுவது ஆகாது.

ஆனால் கொடி என்ன பாவம் செய்தது? நீ வெட்டு. என் வரிசையை வெட்ட உனக்கு நான் அனுமதி தருகிறேன், இதை அவரிடம் படித்துக் காட்டு. முதலில் தரையில் ஓடுவதையெல்லாம் ரம்பத்தால் அறுத்துவிடு, பிறகு கத்தரி. ஒவ்வொரு கிளையிலும் மூன்று கணு விட்டு வெட்டு. நீங்களெல்லாம் இரண்டு விடுவீர்கள், எனக்குத் தெரியும். மேட்டுக்கு அது சரி. பள்ளத்தில் உறைபனி இறங்கித் தங்கும். இரண்டு கருகினாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். இதைச் சொன்ன முதல் வருஷமே அப்பா அதற்குப் 'பயந்தாங்கொள்ளி வெட்டு' என்று பெயர் வைத்தார். கூலிக்கு வந்தவர்கள்கூட அந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரோடுதான் இருபது வருஷம் வெட்டினேன். பனி விழுந்த வருஷங்களில் பள்ளம் துளிர்த்தது எப்படி என்று யாரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஜூலையில் ஏன் இலை கிள்ளவில்லை என்பதற்கும் நீ பதில் எழுதவில்லை. சிரித்ததற்கும் எழுதவில்லை.

எந்தக் கையால் சாப்பிடுகிறார்?

அண்ணன்

*

பிப்ரவரி 12

அண்ணாவுக்கு,

சரி, நீ.

இடது கையால் சாப்பிடுகிறார். பாதி சட்டையில் போகிறது. ஊட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்கிறார்.

உன் கடிதத்தை அவரிடம் முழுக்கப் படித்தேன். பழி என்று எழுதினதையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று கணு என்ற இடத்தில் நல்ல பக்கத்து உதடு கொஞ்சம் ஏறியது. முடிந்ததும் கேட்டேன், கூப்பிட்டால்தான் வருவானாம், கூப்பிடட்டுமா என்று. கண் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். அப்போது சொன்னார்:

"வாசல் என்ன பூட்டியா கிடக்கு?"

இதுதான் அவரால் கூப்பிட முடிகிற அளவு. இதற்கு மேல் நீ எதிர்பார்த்தால் அது உன் பாடு.

மறுநாள் நீ சொன்னபடி கத்தரியோடு பள்ளத்தில் இறங்கினேன். இவர் ரம்பத்தோடு பின்னால் வந்தார். முதல் கொடியில் கை வைக்கவில்லை, வீட்டுப் பக்கம் சத்தம். அப்பா கரண்டியால் ஜன்னல் கண்ணாடியில் அடிக்கிறார். நாங்கள் திரும்பி வரும்வரை நிறுத்தவில்லை. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது, இவர் டேப் ஒட்டியிருக்கிறார். அண்ணனே வெட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறான் என்றேன். "எழுதறது வெட்டறதாகுமா?" என்றார். உனக்கும் அவருக்கும் நடுவில் நான் ஒரு தபால்காரியாக நிற்கிறேன். சம்பளம் இல்லாத வேலை.

இலை விஷயம். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே போனேன். சில கொடிகள்தான் கிள்ளியிருப்பேன். அப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "அவன் வருவான். அவன் வரிசையை அவன் பார்ப்பான்." தினமும் சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு வரிசை முனையில் போய் நின்றார். உனக்கு இது தெரியாது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நீ வந்தது பழம் கனிந்த பிறகு. அந்தக் கோபத்தைத்தான் அன்றைக்குத் தொட்டி முன்னால் காட்டினார். அது சரி என்று நான் சொல்லவில்லை.

சிரித்தேன். பயத்தில் சிரித்தேன், கூட்டத்தோடு சிரித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஜோக் நன்றாக இருந்தது, சிரித்தேன். நீ வருஷத்தில் பத்து நாள் வருவாய். வந்ததும் மருந்து அடித்த அளவு தப்பு என்பாய், தொட்டி கழுவினது தப்பு என்பாய், நான் கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டுவாய். மிச்ச நாளெல்லாம் இங்கே கிடப்பது நான். இருபது வருஷத்துக்கு ஒரு சிரிப்பு. நீ அதைத் தூக்கிக்கொண்டு போய் நகரத்தில் வைத்து வளர்க்கிறாய்.

மார்ச் மூன்றாம் தேதி இயந்திரம் வருகிறது. அதற்கு முன் என்றைக்கு வேண்டுமானாலும் வா. இருபத்தாறாம் தேதி மட்டும் வேண்டாம். அன்று அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறோம், போனால் சாயங்காலம்தான் திரும்புவோம், வீடு பூட்டியிருக்கும்.

தங்கை

*

மார்ச் 6

அண்ணாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை.

இருபத்தாறாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினோம். மறுநாள் காலை இவர் பள்ளத்துப் பக்கம் போய்விட்டு ஓடி வந்தார். கீழ்க்கோடியில் இரண்டு வரிசை வெட்டியிருக்கிறது. சுத்தமாக. முள் எல்லாம் அறுத்து ஒரு பக்கம், வெட்டின கொடி கட்டுக் கட்டாக வரிசை முனையில். திருடன் யாராவது புகுந்திருப்பானோ என்றார். கவாத்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற திருடன் இருந்தால் மாதம் ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்றேன்.

அப்பா பார்த்தே ஆக வேண்டும் என்றார். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். இடது கைக் கட்டைவிரலை ஒரு கிளையில் வைத்துக் கீழிருந்து மேலே நகர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த கொடி. அதிலும் மூன்று. "பயந்தாங்கொள்ளி வந்துட்டுப் போயிருக்கான்" என்றார். அன்றைக்கு முழுத் தட்டும் சாப்பிட்டார்.

மூன்றாம் தேதி இயந்திரம் வந்தது. வெட்டாத நாலு வரிசையையும் பிடுங்கினோம். வேரோடு வரும்போது துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா ஜன்னலை மூடச் சொல்லவில்லை. நீ ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பேன். சொன்ன சொல்லை மாற்ற எனக்கும் யாராவது ஒரு காரணம் கொடுக்க வேண்டாமா?

இப்போது புதுத் தொல்லை. அந்த இரண்டு வரிசையும் இன்னும் கம்பியில் கட்டவில்லை. காற்றில் அடித்துக்கொள்கிறது. கணுக்கள் வீங்க ஆரம்பித்துவிட்டன. வெடித்த பிறகு கட்டினால் கை பட்டே துளிர் உதிர்ந்துவிடும். கட்டப் போனேன். மறுபடியும் கரண்டி. அவன்தான் வெட்டினான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே என்றேன். "நான் சொன்னாப் போதாது. அவன் சொல்லட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்கிறார்.

ஒரே வரி எழுது. 'நான்தான் வெட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அல்லது வந்து நீயே கட்டு. மிச்சம் இருப்பது இந்த இரண்டுதான்.

அப்பாவின் வலது கால் செருப்பு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்கோ விழுந்துவிட்டது. புதுசு வாங்கக் கூடாது என்கிறார். ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

தங்கை

*

மார்ச் 12

தங்கைக்கு,

யாரோ வந்து இரண்டு வரிசை வெட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்லது. நாலு வரிசை போனதையும் எழுதியிருந்தாய். கிழிகிற சத்தத்தைப் பற்றி எனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

வாசல் என்ன பூட்டியா கிடக்கு என்று கேட்டாராம். பூட்டித்தான் கிடந்தது.

அந்த இரண்டாம் வரிசையில் மூன்றாவது கொடியின் அடிமரத்தில் பூச்சி துளைத்திருக்கிறது. அதை இறுக்கிக் கட்டாதே, முறிந்துவிடும். முனைக் கம்பம் ஆடுகிறது, கட்டுவதற்கு முன்னால் அதை நிமிர்த்தி மண்ணை மிதிக்க வேண்டும். உன் வீட்டுக்காரரிடம் சொன்னால் ஒரு இரும்புக் கோலை வைத்து முட்டுக் கொடுப்பார். அவருக்கு அது வரும்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன், பிறகு கிழித்துப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் எழுதிக் கொடுத்தால் அப்பா ஜெயித்துவிடுவார். ஆறு வரிசையை அழித்து, ஒரு கண்ணாடியை உடைத்து, கடைசியில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கிவிட்டார் என்று ஆகும். தன் வாயிலிருந்து அவர் கொடுத்தது ஒரு கேள்வி மட்டும். ஓடிவந்தால் நான் மகன், வராவிட்டால் நான் பயந்தாங்கொள்ளி. பஸ் நேரத்துக்கு வரிசை முனையில் நின்றார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை. ஆனால் நின்றவர், அறுவடைக் கொட்டகையில் அத்தனை பேர் முன்னால் 'உனக்காக நின்றேனடா' என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை. பாடம் நடத்தத்தான் ஆகும் என்றார். இரண்டையும் என்னால் கூட்டிக் கழித்து ஒன்றாக்க முடியவில்லை. நான் மன்னிக்கவில்லை என்று தெளிவாக எழுதுகிறேன், அவரிடமும் படித்துக் காட்டு. உன்னையும்தான். நீ சொன்ன கணக்கு நியாயமாகவே இருக்கலாம். நியாயமாக இருப்பதால் வலி குறையும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும் என்று வைத்துக்கொள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றே வை. அந்த இரண்டு வரிசையும் இந்த வருஷம் என்னுடையவை ஆகும். நீ கட்டமாட்டாய், கட்ட விடமாட்டார். ஜூலை வரும். எனக்குத் தாள் திருத்தும் வேலை வரும். இலை கிள்ள ஆள் இருக்காது. அவர் ஜன்னலில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்ப்பார், நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய், குலை அழுகும். மறுபடி குப்பைமேடு, மறுபடி ஜோக், மறுபடி இயந்திரம். அந்தச் சட்டத்தால் நம் வீட்டில் யாருக்கும் ஒரு பழம் மிஞ்சியதில்லை.

ஆனால் யார் வெட்டினது என்றே தெரியாத வரிசைக்கு நம் வீட்டில் சட்டம் கிடையாது. யோசித்துப் பார். அப்பா போட்டதெல்லாம் வெட்டினவனுக்கும் அவன் வரிசைக்கும்தான். வெட்டினவன் நான்தான் என்று எவனும் வந்து நிற்காத வரிசையை யார் வேண்டுமானாலும் கட்டலாம், இலை கிள்ளலாம், அறுக்கலாம், தொட்டியில் போடலாம். அவர் கரண்டியால் எவ்வளவு அடித்தாலும் அதற்குத் தடை சொல்ல அவருக்கு வழியில்லை. அவரே சொல்லிவிட்டாரே, அவன் சொல்லட்டும், நான் சொன்னால் போதாது என்று. அவன் சொல்லவில்லை. நீ கட்டு. நாளைக்கே கட்டு, கணு வெடிப்பதற்குள்.

உன் முடிச்சிலேயே கட்டு. அதை அவிழ்க்க யாரும் வரமாட்டார்கள்.

செருப்பை ஆஸ்பத்திரியில் தேடாதே. அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து அவரைத் தூக்கி இறக்கும்போது அது கழன்றது. அப்பாவின் கை அவர் கழுத்தைச் சுற்றி இருந்தது, நீ வாசல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாய், யாரும் கவனிக்கவில்லை. பின்சக்கரம் நின்ற இடத்தில், வேலியோரம் மழைத்தண்ணீர் ஓடும் கால்வாய்க்குள் விழுந்தது. மழை பெய்திருக்காவிட்டால் இன்னும் அங்கேதான் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒருவன் அதை எடுத்து வைத்திருக்கலாம். எடுத்தால் வாசல் வரை வந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

அவர் அப்பாவைத் தூக்குகிற விதம் நன்றாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

இதற்கு முந்தைய இரண்டு கடிதத்திலும் கீழே அண்ணன் என்று எழுதினேன். இந்தத் தடவை பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை எழுதினால் அவர் அதையே நான் வெட்டினதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்வார். கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்க்கட்டும், அவருக்கு யார் என்று தெரியாமலா போகும்? தெரிந்துகொண்டு சும்மா இருக்கட்டும், நான் இருந்த மாதிரி.

தெருமுனைப் பெட்டியில் தபால் எடுக்க ஆள் வரும் நேரம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போடாமலே இதைப் போட்டுவிட்டு வருகிறேன்.